சிலபஸ் அண்ணன்

கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை உள்ள கல்லூரி எதுவானாலும் அதன் ஹாஸ்டலில் ஒரு சிலபஸ் அண்ணன் இருப்பார். கிரிக்கெட் ஆடமாட்டார். கல்ச்சுரல்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். மூன்றாம் வருஷத்தில் எல்லாரையும் பிடித்து ஆட்டும் காதல்கூட அவரை ஒன்றும் செய்யாது. அவருக்கு இருப்பது ஒரே ஆசை. யார் எந்த செமஸ்டரில் என்ன பாடம் எடுப்பது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். தனக்கு மட்டுமல்ல, அந்த மாடியில் இருக்கும் எல்லாருக்கும். கேட்டால் ஈசிஇ பசங்களுக்கும்.

அவருடைய லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட் உண்டு. பச்சை அடித்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ஓ' கிரேடு. மஞ்சள் என்றால் படித்தால் தேறலாம். சிவப்பு என்றால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுக்கவும். கிரெடிட், யூனிட், போன வருஷம் எத்தனை பேர் அவுட் என்ற விவரங்களோடு, லேப் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதற்குத் தனிக் கட்டம். "சாம்பார் சாதம் சாப்பிட்டுட்டு ஓஎஸ் லேப்ல உக்காந்தா டெட்லாக் புரோகிராம்ல இல்லடா, உனக்குத்தான் வரும்" என்பது அவர் வாக்கு. பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் வண்ணம் உண்டு என்று கேள்வி. இருபது வருஷமாக இந்தத் துறையில் பாடம் எடுக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் எந்த அண்ணனும் எனக்குக் காட்டியதில்லை.

உண்மையில் திட்டம்போட அங்கே பெரிதாக ஒன்றுமே இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்கிரீட் மேத்ஸ் மூன்றாம் செமஸ்டர், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் நான்கு, கம்பைலர் டிசைன் ஐந்து. ஒன்று புரியாமல் அடுத்தது புரியாது. முதலாவதே புரியாதவனுக்கு மூன்று செமஸ்டரும் ஒரே இருட்டு. ஆனாலும் வரிசையை மாற்ற மாணவனுக்கு உரிமை கிடையாது. மிச்சம் இருப்பது ஆறு புரொஃபஷனல் எலெக்டிவ், கூடவே சில ஓப்பன் எலெக்டிவ். அந்த ஆறையும் டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று வெர்டிக்கல் வெர்டிக்கலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சிலபஸ் அண்ணனின் சாம்ராஜ்யம் மொத்தமும் இவ்வளவுதான். இதற்குத்தான் ஒன்பது வெர்ஷன் ஷீட்.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் ஆலோசனை நேரம். வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஒரு இரண்டாம் வருஷப் பையன் உள்ளே வருவான்.

"அண்ணா, டேட்டா சயின்ஸ் போகலாமா, ஃபுல் ஸ்டாக்காண்ணா?"

"டிஸ்கிரீட்ல என்ன கிரேடு?"

"பி, ண்ணா."

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ்?"

"அது... அரியர் நிக்குது."

ஏழாமிடத்தில் செவ்வாயைப் பார்த்துவிட்ட ஜோசியர் மாதிரி அண்ணன் ஷீட்டையே சிறிது நேரம் பார்ப்பார். பிறகு மெல்லச் சொல்வார்: "தோஷம் இருக்கு. ஆனா பரிகாரம் இருக்குடா தம்பி."

பரிகாரம் எப்போதும் என்பிடெல்தான். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்ஸியும் சேர்ந்து நடத்தும் அந்த இணைய வழிப் பாடங்களின் சட்டதிட்டம் அண்ணனுக்கு மனப்பாடம். பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு அசைன்மென்ட், அதற்கு 25 மார்க், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு அசைன்மென்டில் சிறந்த எட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்று ஒரு சலுகை உண்டு. சாதாரண மாணவன் இதைப் படித்துவிட்டு, பரவாயில்லை, உடம்புக்கு முடியாமல் போனால் தப்பிக்கலாம் என்று நினைப்பான். அண்ணன் நான்கு வாரத்தை முதல் நாளே தள்ளுபடி செய்துவிடுவார். இன்டர்னல் தேர்வுக்கு ஒரு வாரம், ஆயுத பூஜைக்கு ஒன்று, அக்கா கல்யாணத்துக்கு ஒன்று, திடீரென்று ரஜினி படம் வந்தால் என்று கையிருப்பாக ஒன்று. "எனக்கு அக்காவே இல்லையேண்ணா" என்று ஒரு பையன் சொல்லியிருக்கிறான். "சித்தி பொண்ணு இருப்பால்ல?"

தத்துவம் தேவைப்படும்போது ராஜ் ரெட்டியைக் கூப்பிடுவார். 1958ல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்து, 1994ல் டூரிங் விருது வாங்கியவர். கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்து இறங்கியதே 1963ல்தான்; ரெட்டி படித்த காலத்தில் நம் நாட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒரு டிகிரியே இல்லை. இது அண்ணனுக்குப் பெரிய வசதி. கம்பைலரைக் கண்டு பயப்படும் பையனிடம், "ரெட்டி எந்த எலெக்டிவ் எடுத்தாரு? எதுவும் எடுக்கல. ஃப்ரீயா விடு" என்பார். அடுத்த அரைமணியில் போனில் கூப்பிடும் படிப்பாளிப் பெண்ணிடம், "ரெட்டி சிவில்ல கணக்க ஒழுங்கா படிச்சாரும்மா. அடிப்படை முக்கியம். கம்பைலரை விட்றாத" என்பார். இருவருமே திருப்தியாகத் தூங்கப் போவார்கள்.

கிண்டல் செய்கிறேனே தவிர, எனக்கு இந்த ஆளைப் பிடிக்கும். சிலபஸ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்த ஒரே ஜீவன் அவர்தான். கோர்ஸ் அவுட்கம், புரோகிராம் அவுட்கம், இரண்டையும் கோக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட அட்டவணை என்றெல்லாம் அதில் உண்டு. நாங்கள் ராத்திரி கண் விழித்து நிரப்புவது. நிரப்பியவர்களே திரும்பிப் பார்க்காதது. அங்கீகாரக் குழு வந்த அன்று ஒரு பேராசிரியர், வழக்கமான கேள்விதான், "இந்தப் பாடத்தால் உங்களுக்கு என்ன பயன்?" என்று மாணவர்களைப் பார்த்துக் கேட்டார். மற்றவர்கள் ஜன்னலைப் பார்க்க, அண்ணன் எழுந்து அவுட்கம் ஐந்தையும் வரிசையாக ஒப்பித்து, நான்காவதற்கு மூன்று என்று போட்டிருப்பது கொஞ்சம் அதிகம், இரண்டுதான் நியாயம் என்றார். ஹெச்ஓடி அன்று மதியம் சாப்பிடவில்லை.

இவ்வளவு உழைப்பும் எங்கே போய் முட்டும் என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமுக்குத் தெரியும். விருப்பப் படிவம் சுற்றுக்கு விடுவோம். அறுபது பேரும் டிக் அடித்துத் தருவார்கள். பிறகு ஹெச்ஓடி எங்களைக் கூட்டி வைத்து, யாருக்கு எத்தனை பீரியட் குறைகிறது என்று பார்ப்பார். கிளவுட் எடுத்தவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். சைபர் செக்யூரிட்டி எடுப்பவருக்குப் பிரசவ விடுப்பு. மிச்சம் இருப்பவருக்கு எது எடுக்கத் தெரியுமோ அதுதான் மாணவர்களின் ஏகமனதான விருப்பம் என்று நோட்டீஸ் போர்டில் வரும். படிவங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கும், அடுத்த அங்கீகாரக் குழுவுக்காக.

நோட்டீஸ் ஒட்டிய அன்று மாலை ஹாஸ்டலில் துக்கம் அனுசரிக்கப்படும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. அண்ணன் டீயை ஊதிக்கொண்டு வெர்ஷன் பத்தைத் தொடங்கிவிடுவார். வந்து விழுந்த பாடத்தைப் பச்சைக்கு மாற்ற ஏதாவது வழி இருக்குமா என்று பார்ப்பார். ஹானர்ஸ் வேண்டுமென்றால் கூடுதலாக 18 கிரெடிட் எடுக்க வேண்டும். அதை எந்த செமஸ்டரில் எப்படிச் சொருகுவது என்று, ஹானர்ஸ் எடுக்கும் உத்தேசமே இல்லாத நாலு பேருக்கு விளக்குவார். விருதுநகரிலிருந்து ஒரு பையனின் அப்பா அழைப்பார்: "தம்பி, என்ன படிச்சா வேலை உறுதிங்க?" அவருக்கு மட்டும் அண்ணன் ஷீட்டைத் திறக்கமாட்டார். "பையன் நல்லா படிக்கறான்ப்பா, நீங்க கவலைப்படாதீங்க" என்று வைத்துவிடுவார். அந்தப் பையனின் வரிசையில் இரண்டு சிவப்பு இருக்கும்.

தன்னாட்சிக் கல்லூரிகளில் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் என்று ஒன்று உண்டு. பாடத்திட்டத்தைத் தயாரித்து அகாடமிக் கவுன்சிலின் ஒப்புதலுக்கு அனுப்புவது அதுதான். முதுகலை முடித்த பழைய மாணவர் ஒருவர் அதில் இருக்க வேண்டும் என்று விதி. எங்கள் ஹெச்ஓடி, எம்.இ.யும் முடித்துவிட்டு ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் ஒரு முன்னாள் அண்ணனை, பழக்கமான பையனாயிற்றே என்று அழைத்துவிட்டார். பத்தரைக்கு முந்திரி பக்கோடா, பதினொன்றரைக்குக் கையெழுத்து, ஒன்றரைக்குப் பிரியாணி என்பது அந்தக் கூட்டத்தின் நெடுநாள் மரபு. அண்ணன் பத்தே முக்காலுக்கு லேப்டாப்பைத் திறந்தார். பிரியாணி வந்தபோது மூன்றாம் செமஸ்டரில் இருந்தார். நான்கரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய பல்கலைக்கழகப் பிரதிநிதி கைக்கடிகாரத்தைப் பார்த்து, பிறகு ஷீட்டைப் பார்த்து, கடைசியில் நாற்காலியை அண்ணன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், என் பொண்ணு இன்னொரு காலேஜ்ல ரெண்டாம் வருஷம் படிக்கறா. அவளுக்கு என்ன எலெக்டிவ் நல்லதுன்னு..."

"டிஸ்கிரீட்ல என்ன கிரேடு சார்?"