தலைமைப் பாணி வினா: ஓர் இலக்கண விசாரணை

“உங்க லீடர்ஷிப் ஸ்டைல் என்ன?” என்று இன்டர்வியூவில் கேட்கப்படும் வினா எவ்வகைத்து என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிஞர் என்றது அடியேனையும், சோழிங்கநல்லூர் டீக்கடையில் உடன் நின்ற இருவரையும் என்க.

நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கும். எச்.ஆர். கையிலுள்ள தாளில் விடை ஏற்கெனவே அச்சாகியிருப்பதால் இஃது அறிவினா என்பர் ஒரு சாரார். அந்தத் தாளை அவரே இப்போதுதான் முதன்முறை பார்க்கிறார், ஆகவே அறியா வினா என்பர் மறுசாரார். வேலை கொடுக்கத்தானே கேட்கிறார்கள், இது கொடை வினா என்றார் மூன்றாமவர். அவர் பிரெஷர், பொறுத்தருள்க.

விடைப் பக்கம் சிக்கல் கூடுதல். “டீமை லீட் பண்ணுவீங்களா?” என்றால் ‘மாட்டேன்’ என்பது மறை விடை. ‘நீங்களே பண்ணுங்க’ என்பது ஏவல் விடை. ‘தலை வலிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘சம்பளம் எவ்வளவு?’ என்பது வினா எதிர் வினாதல். ஆனால் பாணி என்னவென்று கேட்டால் எல்லாரும் சொல்வது, “சிச்சுவேஷனைப் பொறுத்தது சார்.” நன்னூலில் பவணந்தியார் வகுத்த எட்டு விடைகளில் எதிலும் இது அடங்கவில்லை. ஒன்பதாவதாக ‘நழுவல் விடை’ என ஒன்றைப் புறனடையாகச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.

நழுவலுக்கும் சாத்திரம் உண்டு. ஆளின் பக்குவம் பார்த்துத் தலைவன் பாணியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஹெர்சியும் பிளான்சார்டும் 1969இல் எழுதினார்கள். அதற்கு முப்பதாண்டு முன்பே அமெரிக்காவின் அயோவாவில் குர்ட் லெவின் குழுவினர் எதேச்சாதிகாரம், ஜனநாயகம், விட்டது விட்டபடி என்று தலைமையை மூன்றாக்கினர். அந்த வரிசையின் முதல் சோதனையில் பத்து வயதுச் சிறாரிடம் தரப்பட்ட வேலை, நாடக முகமூடி செய்வது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம்மூர்ச் சான்றும் ஒன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியானவர் யார் என்று விலாவாரியாகச் சொல்கிறது. வயது 35 முதல் 70 வரை, சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை; அவன் உறவினருக்கும் இல்லை. பாணி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. கல்லில் இடம் போதவில்லை என்று கருத முடியாத அளவுக்கு நீளமான கல்வெட்டு அது.

இனிக் களச்சான்று. அடியேன் ஒரு கம்பெனியில் “ஜனநாயகப் பாணி” என்று அடித்துவிட்டேன். “எக்ஸாம்பிள்?” என்றார்கள். எனக்குக் கீழே இருந்தது ஒரே ஆள். அவரும் நோட்டீஸ் பீரியடில். மதியம் என்ன சாப்பிடலாம் என்று வாக்கெடுத்தோம். பிரியாணிக்கு ஒன்று, மீல்ஸுக்கு ஒன்று. “டை ஆச்சு சார்” என்றேன். பேனலில் மூவரும் எதையோ குறித்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தால் வரவேற்பறை நிரம்பி வழிந்தது. செக்யூரிட்டி அண்ணன் ஒருவரே, “நீ இப்படி உக்காரு, ஃபைல எடுத்து வெச்சுக்க, வழிய விடும்மா” என்று அத்தனை பேரையும் வரிசையில் அமர்த்திக்கொண்டிருந்தார். ஆய்வு நிறைவுற வேண்டுமே என்று அவரிடமும் பணிவாகக் கேட்டேன்: “அண்ணே, உங்க லீடர்ஷிப் ஸ்டைல் என்ன?”

“விசிட்டர் கார்டைக் குடுத்துட்டுக் கெளம்பு தம்பி.”

ஏவல் விடை.