ஹாரி மகன் பாரிஸ் ஆன கதை

புதுவாயல்காரர்களுக்குப் பாரிஸ் போகப் பாஸ்போர்ட் வேண்டாம். கவரைப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் போதும். கோடவுன் தெருவில் தொண்டை காயப் பேரம் பேசி, தீபாவளித் துணி எடுத்து, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம். ஈஃபில் கோபுரம் எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கேட்டும் பயனில்லை. இந்தப் பாரிஸுக்குப் பூர்வீகம் பிரான்ஸ் அல்ல, வேல்ஸ்.

அந்த வேல்ஸில் ஒரு காலத்தில் குடும்பப் பெயர் என்ற தொல்லையே கிடையாது. அப்பன் பெயர்தான் விலாசம். மகனுக்கு அவர்கள் சொல் 'மாப்'. போகப்போக 'ம'வை விழுங்கி 'ஆப்' ஆக்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரரின் 'மாக்' இதற்குப் பங்காளி. ஹாரி பெற்றவன் ஆப் ஹாரி. அவன் பெற்றதற்கு வேறு ஆப். நம் இனிஷியல் மாதிரியே தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

1536-இல் எட்டாம் ஹென்றி வேல்ஸை இங்கிலாந்தோடு சட்டம் போட்டுச் சேர்த்தார். (ஹென்றியின் செல்லப்பெயரும் ஹாரிதான். நாட்டில் அத்தனை ஹாரிகள்!) ஆங்கிலக் குமாஸ்தாவுக்கோ தாத்தா, அப்பா, பேரன் மூவரும் ஒரே பெயரில் இருந்தால்தான் பேரேடு ஓடும். மெல்ல மெல்லப் பெயர்கள் உறைந்தன. ஆப் ரைஸ் பிரைஸ் ஆனார், ஆப் ஹவெல் பவல் ஆனார், ஆப் ஹாரி பாரி ஆனார். மகனில் மிஞ்சியது ஒரு 'ப்'. ஹாரிக்கு 'ஹ'வும் போயிற்று.

சிரிக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பழகித் துபாய்க்குக் கிளம்பும் பையன், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுகிறான். அங்கே போனதும் ஃபோர்மேன் "மிஸ்டர் முனுசாமி, அந்த ஸ்பானரை எடு" என்கிறான். முனுசாமி இங்கே திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார்.

1788-இல் தாமஸ் பாரி என்ற வேல்ஸ் வாலிபர் மதராஸில் கடை போட்டார். 1803-இல் கடலோரமாக, நாம் இன்று பாரிஸ் என்கிற மூலையிடத்தை வாங்கினார். 1819-இல் ஜான் டேர் கூட்டுச் சேர்ந்தார். 1824-இல் காலரா பாரியைக் கொண்டுபோயிற்று. இப்போது அங்கே நிற்கும் கட்டடத்துக்கு டேர் ஹவுஸ் என்றுதான் பெயர். ஆனாலும் "டேர் ஒண்ணு குடுப்பா" என்று யார் டிக்கெட் கேட்கிறார்கள்? 1981-இல் கம்பெனி முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. செட்டிநாட்டுக்காரர்கள் விவரமானவர்கள், ஓடுகிற பெயரில் கை வைக்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? 'பாரிஸ் கார்னர்' என்பதில் கார்னரைக் கழற்றிவிட்டுப் பாரிஸ் ஆக்கியது ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம் 'பாரிமுனை' என்று தமிழாக்கி, ஹாரி மகனைப் பறம்புமலை வள்ளலுக்கே சொந்தக்காரன் ஆக்கிவிட்டது. அந்தப் பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்தே போனார். நம் தாமஸாக இருந்தால் தேரை மாத வாடகைக்கு விட்டு, முல்லையிடம் மூன்று மாத அட்வான்ஸும் கேட்டிருப்பார்.