மோட்டார் ரூம் சாவி

கண்ணு, உன்ற ஊட்டுக்கு வந்து 4 நாளாச்சு. பால்கனியில உக்காந்து, மாரத்தஹள்ளி பாலத்து மேல வண்டி நகருதா இல்லியான்னு எனக்கு நானே பந்தயம் கட்டிக்கறேன். நகரும்னு கட்டி தெனமும் தோக்கறேன்.

உனக்குக் கீழ 8 பேராம், டீம் லீடராம். ஊருல பெருமையாச் சொல்லி வெச்சிருக்கேன். நேத்து ராத்திரி பாத்தா, கொள்ளு ரசம் ஊத்துன சோறு ஆறிக் கெடக்குது, நீ எவனோ எழுதுன கம்ப்யூட்டர் கோடை அழிச்சு அழிச்சு எழுதறே. கேட்டா, “அவனுக்குச் சொல்லிப் புரிய வெக்கற நேரத்துல நானே முடிச்சுருவேன் அப்பாரு”ங்கறே. கெட்டிக்காரன்! அப்ப 9 சம்பளத்தையும் நீயே வாங்கிக்க வேண்டியதுதானே?

நம்ம தோட்டத்துல தண்ணி கட்ட ஆளு உட்டா என்ன பண்ணுவோம்? மஞ்சளுக்கு மொதல்ல பாயட்டும், கரண்ட்டு போறதுக்குள்ள கடைசிப் பாத்தி நனையோணும்னு சொல்லி, மம்பட்டியோட மோட்டார் ரூம் சாவியையும் குடுத்துருவோம். நீ மம்பட்டியக் குடுக்கறே, சாவிய இடுப்புல சொருகிக்கறே. எதுக்கெடுத்தாலும் உன்ற அப்ரூவல் வேணுமாமே! நம்மாளா இருந்தா வரப்புல உக்காந்து பீடி பத்த வெப்பான். உங்க பசங்க பாவம், கேன்டீன்ல காப்பி குடிக்கறாங்க.

இதே பெங்களூருல சதீஷ் தவான்னு ஒருத்தரு இருந்தாரு. 1972-ல இஸ்ரோவுக்குத் தலைவராக் கூப்பிட்டாங்க. ஆட்டோக்காரங்க டாட்டா இன்ஸ்டிட்யூட்டுன்னு சொல்றாங்களே, அங்க பாத்துட்டிருந்த இயக்குநர் வேலைய உட மாட்டேன், இஸ்ரோ தலைமையகமும் பெங்களூருலதான் இருக்கோணும்னு கண்டிசன் போட்டாரு. ஒரே ஆளு, ரெண்டு பண்ணையம். அவரு எங்க போயி ராக்கெட்டுக்கு ஸ்க்ரூ முடுக்கறது? எஸ்.எல்.வி-3-ஐ நம்ம ராமேஸ்வரத்துக் கலாம் பாத்துக்கிட்டாரு.

1979 ஆகஸ்ட் 10. நிறுத்துன்னு கம்ப்யூட்டர் சொல்லுது, உடுங்கன்னு கலாம் சொல்லீட்டாரு. ராக்கெட்டு வங்காள விரிகுடாவுல போயி உழுந்துருச்சு. பத்திரிகைக்காரங்க முன்னால போயி உக்காந்தது தவான். அடுத்த வருசம் ஜூலை 18, ரோகிணி சாட்டிலைட்டு ஜம்முனு மேல போச்சு. அன்னைக்குக் கலாமைப் பேசச் சொல்லி அனுப்பிட்டாரு. இந்தக் கதைய கலாமே மேடை மேடையாச் சொன்னாரு, உனக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா நடுவுல ஒண்ணு இருக்குதே, அதைக் கவனிச்சியா? கடல்ல உட்ட மனுசன் கையிலயேதான் அடுத்த ராக்கெட்டும் இருந்துச்சு.

போன மாசம் டெமோ சொதப்புனப்ப நீ போட்ட மெயில்ல உன்ற டீம் பையன் ஒருத்தன் பேரு 3 தடவை வந்துச்சாமே. உன்ற ஊட்டு அம்மிணி சொல்லுச்சு. அதுக்கு முந்துன டெமோ நல்லா ஓடுச்சே, அந்த மெயில்ல எத்தனை தடவை வந்துச்சு?

சரி உடு, மூஞ்சியத் தூக்காத. ரசத்தச் சூடு பண்ணித் தாரேன்னு எந்திரிச்சா, பாரு, “நீங்க உக்காருங்க அப்பாரு, நானே பண்ணிக்கறேன்”ங்கறே.