ஒல்லாந்து நெய்தல்: குழந்தைகளோடு கழியும் கடற்கரை விடுமுறைக்கு ஒரு திணை விளக்கம்

1. வரையறை

குழந்தைகளோடு நெதர்லாந்துக் கடற்கரையில் கழிக்கும் விடுமுறை என்பது, பெரியவர் இருவரும் சிறியவர் இருவரோ மூவரோ வாளி, மண்வாரி, துண்டு, குளிர்ப்பெட்டி ஆகியவற்றை ஓர் இழுவண்டியில் ஏற்றி, மணல்மேட்டைக் கடந்து, பத்தடிச் சதுர நிலத்தைப் பிடித்து, அதை மாலைவரை காப்பது. இதை ஓய்வு என்று வகைப்படுத்துவோர் உண்டு. அவர்கள் அந்த நாளில் உடன் இல்லாதவர்கள், அல்லது எட்டு வயதுக்கு உட்பட்டவர்கள்.

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். ஆகவே இந்த விடுமுறையை ஆராயப் புதிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற பழைய பகுப்பே போதும். ஒரு குறை மட்டும் உண்டு. நம்பியகப்பொருள் எண்ணும் 14 கருப்பொருள்களில் காற்று இல்லை. வடகடல் கரையில் அதைப் பதினைந்தாவதாகச் சேர்க்காமல் ஆய்வு ஓர் அடிகூட நகராது.

2. முதற்பொருள்: நிலம்

நெதர்லாந்தின் நிலப்பரப்பில் சுமார் 26 விழுக்காடு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. உள்நாட்டைக் காப்பவை அணைகளும் மணல்மேடுகளும். குடும்பம் துண்டு விரிக்கும் இடமோ இந்தக் காப்புக்கு வெளியே, கடலின் பக்கத்தில் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் கடலைத் தள்ளிவைக்கப் பாடுபட்ட ஒரு மக்கள், பிள்ளைகளை மட்டும் அதன் வாயிலேயே கொண்டுபோய் விடுவது ஆராயத்தக்கது.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1818-இல் யாகோப் ப்ராங்க் என்பவர் ஹேக் நகரை ஒட்டிய ஸ்கெவனிங்கன் கரையில் மரத்தாலான குளியலகம் ஒன்றைக் கட்டினார். அங்கே கடல்நீர் தொட்டிக்கு வந்தது. ஆள் கடலுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பின்வந்த தலைமுறைகள் இந்த நல்ல ஏற்பாட்டைக் கைவிட்டு நேரே அலையில் இறங்கின. கோடை உச்சத்திலும் கடல்நீர் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். உதடு நீலம் பாரித்த குழந்தையிடம் கேட்டால் குளிரவே இல்லை என்றுதான் சொல்லும். ஆகவே குழந்தையின் வாக்குமூலம் இந்த ஆய்வில் சான்றாகக் கொள்ளப்படவில்லை.

3. முதற்பொருள்: பொழுது

நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியவை என்பது மரபு. வடகடல் கரை இதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகிறது. முன்பனியில் எழுந்து, இளவேனிலில் காலையுணவு முடித்து, முதுவேனிலில் மணலில் இறங்கி, காரில் நனைந்து, கூதிரில் நடுங்கி, பின்பனியில் வண்டிக்குத் திரும்பும் குடும்பம் மதிய உணவை இன்னும் தொட்டிருக்காது.

சிறுபொழுதில்தான் சிக்கல். நெய்தலுக்கு உரிய எற்பாடு, ஜூன் கடைசியில் இங்கே இரவு பத்து மணிக்கு வருகிறது. எட்டு மணிக்குத் தூங்க வேண்டிய குழந்தை, சன்னலில் வெயிலைக் காட்டி, இது இரவல்ல என்று வாதிடுகிறது. வாதம் தருக்கப்படி சரியானது என்பதால் பெற்றோரிடம் மறுப்பு இல்லை. திரைச்சீலை மட்டுமே உண்டு.

எல்லோரும் ஒரே நாளில் கரைக்குக் கிளம்பிவிடாதபடி அரசு நாட்டை வடக்கு, நடு, தெற்கு என மூன்றாகப் பிரித்து, ஆறு வாரக் கோடை விடுமுறையை வெவ்வேறு தேதிகளில் தொடங்கி வைக்கிறது. வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பிரிவினையை மதிப்பதில்லை.

4. பதினைந்தாம் கருப்பொருள்: காற்று

காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகிறது. அதன் வலிமைக்குச் சான்று பழையது. 1602 வாக்கில் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின், இளவரசர் மாரிட்ஸுக்காகப் பாய்மரம் கட்டிய வண்டி ஒன்றை உருவாக்கினார். 28 பேரை ஏற்றிக்கொண்டு அது ஸ்கெவனிங்கனிலிருந்து பெட்டன் வரை கரை நெடுக, குதிரையில்லாமல், இரண்டு மணி நேரத்துக்குள் ஓடியதாகச் சொல்கிறார்கள். 28 பெரியவர்களை நகர்த்திய காற்றுக்கு ஒரு பிளாஸ்டிக் முதலை எம்மாத்திரம்? காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில் உயிர்காப்பாளர்கள் செம்மஞ்சள் காற்றுப்பையை ஏற்றுகிறார்கள். காற்றடைத்த மிதவைகளோடு நீரில் இறங்கக் கூடாது என்று அதற்குப் பொருள். முதலையை ஊதி முடித்து மூச்சு வாங்கும் தந்தையின் கண்ணில் அது அப்போதுதான் படும்.

காற்றுக்கு மனிதரின் மறுமொழி தடுப்புத் துணி. நீளமான கோடுபோட்ட துணி. இடையிடையே தைத்த மடிப்புகளில் மரக்கம்புகள். முதல் கம்பை மரச்சுத்தியலால் அடித்து இறக்கியதும் மீதித் துணி படபடத்து அடிப்பவரின் முகத்தில் சுற்றிக்கொள்கிறது. இரண்டாவது கம்பை இறக்கும்போது முதல் கம்பு சாய்கிறது. கடைசிக் கம்பு இறங்கியதும் காற்று திசை மாறுகிறது. பறக்கும் மணல் பெரும்பாலும் தரையை ஒட்டியே ஓடும். நிற்கும் பெரியவருக்கு அது கணுக்கால் உயரம், உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு வாய் உயரம். இதனால்தான் வெண்ணெய் தடவிய ரொட்டி கையில் இருக்கும்போதே மணலும் வந்து சேர்கிறது.

5. ஏனைய கருப்பொருள்கள்

தெய்வம்: வருணன். வழிபாடு கைப்பேசியின் மழை ராடார் வழியே நடக்கிறது. ஐந்து நிமிடத்துக்கொரு முறை தலை தாழ்கிறது.

ஊர்: பாக்கமும் பட்டினமும் இங்கே கம்பங்களாகிவிட்டன. டெஸல் தீவின் கரையில் வரிசையாக நட்ட எண்ணிட்ட கம்பங்களே முகவரி. ‘கம்பம் 9’, ‘கம்பம் 17’ என்றால் தீவில் எல்லோருக்கும் தெரியும். கரையோர உணவகங்களில் பல, இளவேனிலில் எழுப்பி இலையுதிர்காலத்தில் கழற்றி வைக்கப்படுபவை.

விலங்கு: இலக்கணம் சொன்ன சுறாவே. பெல்ஜிய எல்லையை ஒட்டிய காட்ஸாண்ட் கரையில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுறாக்களின் பற்கள் ஒதுங்குகின்றன. குழந்தைகள் சல்லடையோடு மணலைச் சலித்துக் கறுத்த பற்களைப் பொறுக்குகிறார்கள். குனிந்து தேடும் நேரம் முழுதும் அவர்கள் எதையும் கேட்பதில்லை. பெற்றோர் இந்தக் கரையை விரும்ப இதுவே காரணம் எனலாம்.

மரம்: முள்ளும் செம்மஞ்சள் கனியும் கொண்ட கடற்கரை முட்புதர். மேட்டு மணலைப் பிடித்துவைக்க நட்ட நாணல்போன்ற புல் வேறு. அதன்மேல் ஏறக் கூடாது என்ற பலகையைப் படிக்கத் தெரிந்த வயதில் குழந்தைக்கு ஏறும் ஆசை போய்விடுகிறது.

உணவு: மீனும் உப்பும். மீன் என்பது மாவில் தோய்த்துப் பொரித்த கிப்பெலிங் துண்டுகள். உப்பு என்பது அதிமதுரத்தில் செய்யும் கறுப்பு மிட்டாய். அதன் உப்புக் கரிப்பு பெரும்பாலும் நவச்சாரத்தால் வருவது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பயன்படுத்தும் அதே நவச்சாரம்தான். டச்சுக் குழந்தை அதைச் சப்பிச் சாப்பிடுகிறது. விருந்தாகப் போன குழந்தை துப்பிவிட்டு, கொடுத்தவரை நாள் முழுதும் சந்தேகத்தோடு பார்க்கிறது.

பறை: முன்சொன்ன மரச்சுத்தியல். யாழ்: விளரி. அது இரக்கத்துக்கு உரியது என்பதால் கடைக்குட்டியே அதை வாசித்துவிடுகிறது.

6. தொழில்: குழி தோண்டல்

மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் பெரியவர் தொழில். விடுமுறைக் குழந்தையின் தொழில் குழி தோண்டுவது. நெய்தலுக்கு உரிய நீர்நிலைகளில் ஒன்று மணற்கிணறு என்று சொன்ன இலக்கணிகளின் தொலைநோக்கு வியக்கத்தக்கது. கரையில் பெரிய குழி தெரிந்தால் அது ஜெர்மன் குடும்பத்தின் வேலை என்பது டச்சுக்காரர்களின் நெடுநாள் கேலி. பக்கத்தில் போய்ப் பார்த்தால் உள்ளே டச்சுத் தந்தையும் இருப்பார். குழந்தை தொடங்கிய குழியைத் தந்தை பறித்துக்கொள்வது எல்லா நாட்டாருக்கும் பொது. ஆழமான குழியின் சுவர் இடிந்து உள்ளிருப்பவரை மூடிவிடக்கூடும். இந்தத் துறையில் சிரிப்புக்கு இடமில்லாத ஒரே பகுதி இது.

தோண்டிய மணல் கோட்டையாகிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் பங்கேற்ற 2012 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, கன அளவில் சுமார் ஒரு விழுக்காடு நீர் கலந்த மணலே மிக உறுதியானது என்று கண்டது. மணல்தூணின் அதிகபட்ச உயரம் அடியின் ஆரத்தினுடைய மூன்றில் இரண்டு அடுக்காக வளரும். ஆரத்தை இரட்டித்தால் உயரம் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும். ஐந்து வயதுப் பொறியாளரோ ஒரு வாளி மணலுக்கு ஒரு வாளி நீர் என்ற விகிதத்திலேயே உறுதியாக நிற்கிறார்.

7. உரிப்பொருள்: இரங்கலும் இரங்கல் நிமித்தமும்

நெய்தலின் ஒழுக்கம் இரங்கல். அதன் நிமித்தங்கள் நான்கு.

முதலாவது, தலைவனின் பிரிவு. பொரித்த உருளைக்கிழங்கு வாங்கப் போன தலைவன் சொல்லிச் சென்ற பருவம் பத்து நிமிடம். வரிசை நீள்கிறது, தலைவி ஒரு கையில் துண்டும் மறு கையில் ஈரக் குழந்தையுமாகக் கரையை நோக்கி ஆற்றியிருக்கிறாள்.

இரண்டாவது, புள். பழைய நெய்தலின் கடற்காகம் இருந்த இடத்தில் இங்கே கடற்புறா இருக்கிறது. அது எதிரே வருவதில்லை. குழந்தை காகிதக் கூம்பிலிருந்து மயோனைஸ் தோய்ந்த துண்டை எடுத்து, வாய்க்குக் கொண்டுபோகுமுன் ஏதோ சொல்ல நிறுத்துகிறது. தோளுக்குப் பின்னிருந்து ஒரு வெள்ளை இறக்கை. துண்டு இல்லை, கூம்பு கவிழ்ந்திருக்கிறது, விரலில் மயோனைஸ் மட்டும். இதற்குப் பின்தான் விளரி.

மூன்றாவது, வழி தவறுதல். எல்லாக் குடும்பமும் ஒன்றுபோல் தெரியும் கரையில் இது இயல்பு. உயிர்காப்பாளர்கள் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய கைப்பட்டைகளைக் குழந்தைகளுக்குக் கட்டிவிடுகிறார்கள். சில கரைகளில் எழுத்தறியாதவர்களுக்காகப் படம் மாட்டிய கம்பங்களும் உண்டு. காணாமல்போன குழந்தை பெரும்பாலும் தான் காணாமல்போனதை அறியாது. இரங்கல் முழுதும் பெற்றோருக்கே.

நான்காவது, கடலேற்றம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஸ்கெவனிங்கனில் இரண்டு மீட்டருக்கு உட்பட்டது; ஸீலாந்தின் ஃப்ளிஸ்ஸிங்கனில் சுமார் நான்கு மீட்டர். ஆகவே கோட்டையின் ஆயுளை நிர்ணயிப்பது கட்டுமானமல்ல, ஊர்த் தேர்வே. சிற்றில் சிதைந்ததற்கு அழுவது பழைய நெய்தல். இங்கே குழந்தைகள் இடியும் கோட்டையின் உச்சியில் ஏறி நின்று, கடைசி அலைவரை கத்தி மகிழ்கிறார்கள். அழுகை கிளம்பும்போது வருகிறது.

8. எச்சம்

மாலையில் நிலம் கைவிடப்படுகிறது. தடுப்புத் துணி சுருட்டியதும் காற்று நிற்கிறது. காலணி, காது, தொட்டில் துணி, கார் இருக்கையின் தையல் வழியே மணல் உள்நாட்டுக்குப் பயணமாகிறது. கரை அரிக்கப்படாமலிருக்க அரசு 2001 முதல் ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்து எடுத்துக் கொட்டிவருகிறது. குடும்பங்கள் எடுத்துச் செல்லும் மணல் இந்தக் கணக்கில் தனியாகக் காட்டப்படுவதில்லை.