69,888 துடிப்புக்காரர்

ஐம்பதைத் தாண்டிய ஆங்கிலேயர்களில் ஒரு வகை உண்டு. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பாதியில்தான் சாப்பாடு. மறுபாதியில் மூடி கழற்றிய கறுப்புப் பெட்டி, சால்டரிங் அயர்ன், ஆசிலாஸ்கோப், ஆறிப்போன தேநீர். பெட்டியின் பெயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் சிங்க்ளேர் நிறுவனம் வெளியிட்டது. 48கே நினைவகம், விலை 175 பவுண்டு. வீட்டுப்பாடம் செய்யத்தான் என்று சத்தியம் செய்து, சிறுவனாக இருந்தபோது அப்பாவிடம் வாங்கினார். அந்தச் சத்தியத்தைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை.

இவருக்குத் துடிப்புக்காரர் என்று பெயர் வைப்போம். காரணம் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் இசட்80 சிப் வினாடிக்கு 35 லட்சம் முறை துடிக்கிறது. திரையில் ஒரு கோடு வரைய 224 துடிப்பு. ஒரு முழுப் படத்துக்கு 312 கோடு. பெருக்கினால் 69,888. பேரக்குழந்தையின் பிறந்த தேதியைக் கேட்டால் விட்டத்தைப் பார்ப்பார். இந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வங்கி அட்டைக்கு ரகசிய எண்ணாக வைக்கவும் பார்த்தார். ஐந்து இலக்கம் என்று இயந்திரம் மறுத்துவிட்டது.

"சாப்பிட வரீங்களா?" என்று மனைவி கேட்பார்.

"ஒரே ஒரு ஃப்ரேம்!"

ஒரு ஃப்ரேம் என்பது வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அவர் எழுந்து வர மூன்று மணி நேரம் ஆகும்.

முதல் சண்டை டிவியோடு. ஸ்பெக்ட்ரம் டிவியின் பழைய ஆன்டெனா துளை வழியாக, யுஎச்எஃப் 36ஆம் சேனலில் படம் அனுப்பும். இன்றைய தட்டை டிவிகள் பலவற்றுக்கு அந்த அலைவரிசை வேண்டாத விருந்தாளி. ஆகவே படத்தை அந்த அலைவரிசையில் ஏற்றும் மாடுலேட்டர் டப்பாவைத் திறந்து, இரண்டு இணைப்பைக் கழற்றி, ஒரு கம்பியை ஒட்டி, காம்போசிட் வீடியோவை நேரடியாக வெளியே எடுப்பார். படம் வரும். வந்ததும் அடுத்த குறை: எழுத்துகளின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோலப் புள்ளிகள் ஊரும். பெட்டிக்குள் இரண்டு படிகங்கள். புள்ளிகளுக்கு 14 மெகாஹெர்ட்ஸ், வண்ணத்துக்கு 4.43 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சுவார்த்தை கிடையாது; எறும்பு ஊர்வது அதனால்தான். பிளாஸ்டிக் திருப்புளியால் மயிரிழை திருகுவார். எறும்பு நிற்காது, நடை தளரும். அதற்கே கைதட்டிக்கொள்வார்.

ஆனால் எறும்பெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு. அவருடைய உண்மையான பிணக்கு யூஎல்ஏ என்ற சிப்போடு. ஃபெர்ரான்டி செய்த அந்தச் சிப்தான் படத்தை வரைகிறது. படம் இருக்கும் நினைவகத்தை இசட்80யும் பயன்படுத்துகிறது. தெருக்குழாய் ஒன்று, குடம் இரண்டு. குழாயடியில் மூத்த மருமகள் யூஎல்ஏ. அவள் பிடித்து முடிக்கும்வரை இசட்80 ஆறு துடிப்புவரைகூட ஓரமாக நிற்க வேண்டியதுதான். நிரல் எழுதியவர் இந்தக் காத்திருப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கோடு இடம் மாறும்.

கோடு என்றால் எந்தக் கோடு? அதற்கு 1983இல் குவிக்சில்வா வெளியிட்ட ஆக்வாப்ளேன் விளையாட்டைப் பார்க்க வேண்டும். திரையைச் சுற்றியுள்ள பார்டருக்கு ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் கொடுக்க முடியும். அந்த விளையாட்டிலோ, படம் வரையப்படும்போதே பாதியில் நிறத்தை மாற்றிவிடுகிறார்கள். மேலே வானம், கீழே கடல்; அடிவானம் டிவியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீள்கிறது. துடிப்பை எண்ணி எழுதினால்தான் இது நடக்கும். துடிப்புக்காரர் இந்த விளையாட்டை எத்தனையோ முறை கேசட்டிலிருந்து ஏற்றியிருக்கிறார். தண்ணீரில் சறுக்குபவரை ஒரு நாளும் நகர்த்தியதில்லை. அடிவானத்தைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார்.

அவரிடம் 128கே மாடலும் உண்டு; பிரிட்டனில் 1986இல் விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு கோட்டுக்கு 228 துடிப்பு, ஒரு படத்துக்கு 311 கோடு. பழைய பெட்டிக்காக 224 எண்ணி எழுதிய நிரலை அதில் ஓட்டினால், கோட்டுக்குக் கோடு நான்கு துடிப்பு, அதாவது எட்டுப் புள்ளி, முந்திக்கொள்ளும். நேராக நிற்க வேண்டிய பட்டை சாய்ந்து விழும். மற்றவர்களுக்கு இது கோளாறு. அவர் விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

பனியும் காட்டுவார். இசட்80யின் ‘ஐ’ என்ற ரெஜிஸ்டரில் 64 முதல் 127 வரை ஓர் எண்ணைப் போட்டால் யூஎல்ஏ குழம்பிப்போய்த் திரையெங்கும் வெள்ளைப் பொடி தூவும். ஜூலை மாதத்தில் பனி பெய்ததற்கு மகிழும் ஆங்கிலேயர் அவராகத்தான் இருப்பார்.

ஒருமுறை அக்கா மகன் வந்தான். "மாமா, இதெல்லாம் என் லேப்டாப்பிலேயே ஓடுமே?" என்று ஃபியூஸ் எமுலேட்டரைத் திறந்தான்.

"லேட் டைமிங்ஸ் போட்டிருக்கியா?"

"அப்படின்னா?"

அதன் பிறகு அவன் கடைசி ரயிலைத்தான் பிடிக்க முடிந்தது.

சங்கதி இதுதான். ஸ்பெக்ட்ரம்களில் சில, படத்தை மற்றவற்றைவிட ஒரே ஒரு துடிப்பு பிந்தி வரைகின்றன. போட்டவுடன் சரியாக ஓடி, யூஎல்ஏ சூடேறிய பிறகு பிந்துகிறவையும் உண்டு. ஒரு துடிப்பு என்பது வினாடியில் 35 லட்சத்தில் ஒரு பங்கு. திரையில் இரண்டு புள்ளி அகலம். பார்டரோ நான்கு துடிப்புக்கு ஒரு முறைதான் நிறம் மாறும். ஆகவே அந்தப் பிசகு சில இடத்தில் கண்ணில் படவே படாது. சில இடத்தில் எட்டுப் புள்ளியாக வீங்கித் தெரியும். எமுலேட்டர் எழுதியவர்கள் இந்தப் பிசகுக்கென்றே ஒரு தேர்வை வைத்திருக்கிறார்கள். பிசகு இல்லாத ஸ்பெக்ட்ரம் துடிப்புக்காரருக்கு ஸ்பெக்ட்ரமே அல்ல.

போன வாரம் அவர் யூஎல்ஏவின் தலையில் விரலை வைத்துச் சூடு பார்த்தபடி காத்திருந்தார், ஜுரம் வந்த குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல. ஒரு கட்டத்தில் பார்டர் கோடு துள்ளி எட்டுப் புள்ளி நகர்ந்தது. மனைவியைக் கத்திக் கூப்பிட்டார். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, திரையை உற்றுப் பார்த்து, "எது நகர்ந்தது?" என்றார்.

துடிப்புக்காரர் நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு படுத்துவிட்டார். காலையில் ஆறிக் கிடந்த பெட்டியை மறுபடி போட்டபோது, கோடு பழைய இடத்திலேயே இருந்தது.