மழைக்காலம் தவிர

பாலைவனத்தில் ஒன்றுமே இல்லை என்று எழுதித் தர வேண்டுமா? மே மாதத்தில் போங்கள். உச்சி வெயிலில் ஜெய்சால்மரிலிருந்து ஏசி காரில் கிளம்பி, சாம் மணற்குன்றுகளைத் தாண்டி வண்டியை நிறுத்தி, கண்ணாடியை நாலு விரல் இறக்கிப் பாருங்கள். முள்வால் பல்லி வளைக்குள் கிடக்கும். பாலை நரி பொழுது சாய்ந்தால்தான் தலைகாட்டும். கிச்சன் கிராமத்துக்கு வலசை வரும் குர்ஜா கொக்குகள் எப்போதோ வடக்கே போயிருக்கும். ஆக, தாவரங்கள்: குறிப்பிடும்படி இல்லை. விலங்குகள்: காணப்படவில்லை. முத்திரை குத்திவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

வேண்டுமென்றே கேலி செய்கிறேன் என்று நினைப்பவர்கள் நடைமுறையைப் பார்க்கட்டும். 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் பெரும்பாலான திட்டங்களுக்குக் கேட்கப்படுவது ஒரே ஒரு பருவத்தின் தரவு. எந்தப் பருவம்? மழைக்காலம் தவிர எது வேண்டுமானாலும். மழை பெய்தால் தூசி அடங்கிவிடும், காற்று மாசை ஒழுங்காக அளக்க முடியாது என்பது காரணம். காற்றுக்கு அது சரி. ஆனால் அதே தாளில்தான் உயிரினங்களின் கணக்கும் ஏறுகிறது! தார் பாலைவனம் எழுந்து உட்காருவதே அந்த இரண்டு மூன்று மழை மாதங்களில்தான். சேவண் புல் நிமிர்கிறது. வெட்டுக்கிளியும் வண்டும் மொய்க்கின்றன. கானமயில் என்னும் பெரிய தரைப்பறவையின் சேவல் கழுத்துப் பையை ஊதி, தரையைத் தொடுமளவுக்குத் தொங்கவிட்டு, தொலைவுக்குக் கேட்கும்படி முழங்குகிறது. பெட்டை வெறும் தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடுகிறது. கணக்கெடுக்க வரும் நம் ஆள் அப்போது வரமாட்டார். அது விதிப்படி அவருக்கு விடுமுறை.

வருகிற ஆளை யார் அனுப்புகிறார்கள்? திட்டத்தைக் கட்டப்போகிறவரே அனுப்புகிறார், கூலியும் அவரே கொடுக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் தட்சிணை வைத்து அழைத்து வந்த ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றாவது சொல்லாமல் எழுந்திருப்பாரா? மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்துப் பாக்சைட் சுரங்கம் ஒன்றுக்குத் தாக்கலான அறிக்கை, ரஷ்யாவில் உள்ள ஒரு பாக்சைட் சுரங்கத்தின் அறிக்கையைப் பார்த்துக் காப்பி அடித்தது என்று தெரியவந்து ஊரே சிரித்தது. சிரித்ததோடு சரி.

ஆனாலும் அதெல்லாம் அறிக்கை என்ற ஒன்றாவது இருந்த காலத்துப் பெருமை. சூரிய மின் பூங்காக்களுக்கு அந்தக் காகிதமும் தேவையில்லை. ஒளிமின் திட்டங்கள் 2006 அறிவிக்கையின் வரம்புக்குள் வராது என்று மத்திய அமைச்சகமே சொல்லிவிட்டது. 2016-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றை வெள்ளைப் பட்டியலில் சேர்த்துச் சலவையும் செய்து கொடுத்தது. ராஜஸ்தானின் பட்லா சூரிய மின் பூங்காவில் மட்டும் சுமார் 14,000 ஏக்கர் கண்ணாடி. அதன்மேல் ஒரு பல்லி என்ன பாடு படும் என்று கட்டுவதற்கு முன் கேட்க அந்த அறிவிக்கையில் இடமே இல்லை. கேட்டால்தானே பதில் சொல்ல வேண்டும்?

நிலக்கரிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சூரிய மின்சாரம் வரட்டும், நிறையவே வரட்டும். எங்கே வைப்பது, கம்பியை எந்த வழியாக இழுப்பது என்று ஒரு கணம் யோசிக்கக் கூடாதா?

கம்பிதான் எமன். கானமயில் சேவல் பதினைந்து கிலோ வரை எடை போடும். சட்டென்று திரும்ப முடியாது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே உள்ளது சரியாகத் தெரியாது. தெரியும்போது கம்பி கழுத்தருகில் இருக்கும். தாரில் மின்கம்பிகளால் ஆண்டுக்குப் பதினெட்டுக் கானமயில்கள் சாவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. இருப்பதே நூற்றைம்பதைத் தொடுமா என்று தெரியாத இனம். பாலைவனத் தேசியப் பூங்காவும் சுற்றுப்புறமுமாக 4,200 சதுர கிலோமீட்டரில் எல்லாப் பறவைகளும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 84,000 சாவதாகவும் அதே கணக்கு. இதற்குப் பெயர் பசுமை.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்குள் புதைக்கச் சொன்னது. செலவு, தொழில்நுட்பம், உலக அரங்கில் கொடுத்த வாக்கு என்று அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்தப் பொது உத்தரவைத் திரும்பப் பெற்று நிபுணர் குழு அமைத்தது. அதே தீர்ப்பில்தான் பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது குடிமக்களின் அடிப்படை உரிமை என்றும் அறிவித்தது. கானமயிலுக்கு வாக்காளர் அட்டை இல்லை.

அதற்காக அரசு கைகட்டி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 2019 முதல் காட்டிலிருந்து முட்டைகளை எடுத்து வந்து, சாமில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை ஊட்டி வளர்க்கிறார்கள். அங்கே உழைப்பவர்கள் கெட்டிக்காரர்கள், அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஏற்பாட்டைக் கவனியுங்கள்: வெளியே விட்டால் கம்பியில் அடிபடும் என்பதால் பறவை உள்ளே, கம்பி வெளியே.

மனிதர்களுக்கும் இதே நீதிதான். 1980-ல் அறிவிக்கப்பட்ட பாலைவனத் தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். அதற்குள் 73 கிராமங்கள். தார்ச்சாலை கேட்டால் சரணாலயம், மின் இணைப்பு கேட்டால் சரணாலயம் என்றே காலம் போகிறது. ஒரு குடிசையின் நாற்பது வாட் பல்பு வனவிலங்கைக் கலவரப்படுத்துமாம். பூங்கா எல்லைக்கு அப்பால் வரிசை கட்டி நிற்கும் ராட்சத கோபுரங்கள் தாலாட்டுப் பாடுகின்றன போலும். ஊர்ப் பொதுவில் தெய்வத்துக்கு விட்டு வைத்த ஓரண் காடுகள் பல வருவாய்ப் பதிவேட்டில் தரிசு. வன்னி மரத்தை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து 1730-ல் கேஜர்லியில் 363 பிஷ்னோய்கள் தலை கொடுத்த மாநிலம் இது. இன்று பிகானேர் பக்கம் சூரியத் தகடுகளுக்காக வன்னி விழுகிறது. தடுக்கப் போகிறவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள்.

மிச்சமிருக்கும் கானமயில்கள் இப்போது எங்கே இருக்கின்றன தெரியுமா? ஒரு பகுதி பூங்காவில். இன்னொரு பகுதி பொக்ரானில், ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சித் திடலில். குண்டு வெடிக்கும் இடத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அங்கே வேலி இல்லை, சொகுசு விடுதி இல்லை, கம்பிக்காடு இல்லை. சூரியப் பண்ணை, பீரங்கி இரண்டையும் ஒப்பிட்டு அந்தப் பறவை தானே ஒரு மதிப்பீடு செய்திருக்கிறது. கூலி வாங்காமல், மழைக்காலத்தையும் சேர்த்து.