பிடியியல்: கைக்குள் அடங்கும் பறவை குறித்து மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் ஆய்வு

முன்னுரை

பிடி என்றால் பெண்யானை என்பார் பழந்தமிழ் படித்தவர். ஒரு கை சோறு என்பார் பசித்தவர். இவ்வாய்வு இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. கூண்டிலிருந்து தப்பித் திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் 35 கிராம் பறவையை, அதற்கும் வீட்டாருக்கும் சேதமில்லாமல் மறுபடி கூண்டில் சேர்ப்பதையே 'பிடி' எனக் கொள்கிறது. பெண்யானையைப் பிடிக்கக் கும்கி உண்டு, மயக்க ஊசி உண்டு, அரசாணை உண்டு. கோழிமுட்டையைவிட எடை குறைந்த இந்த உயிரைப் பிடிக்க ஆய்வாளரும் ஒரு துண்டும்தான்.

ஆய்வுக் களம்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கூடம், சிதம்பரம் மேலவீதியில் ஒரு திண்ணை. ஆய்வாளர்: வீட்டில் குடும்பத் தலைவர் என்று நம்பப்படுபவர். நெறியாளர்: அவர் மனைவி. களப்பணி உதவியாளர்: ஏழாம் வகுப்பு படிக்கும் மகன். புறத்தேர்வாளர்: மாமியார்.

பெயர்ச் சிக்கல்

நம் பக்கத்தில் கூண்டோடு விற்கும் பச்சை, மஞ்சள், நீலக் குட்டிக் கிளிகளை 'லவ் பேர்ட்ஸ்' என்கிறோம். அறிவியல் ஒப்புவதில்லை. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கக் கிளி. நம் வீட்டில் இருப்பது பட்ஜெரிகர், ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் கூட்டங்கூட்டமாக அலையும் பறவை. 1840-இல் ஜான் கூல்டு என்ற பறவையியலாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகு உலகத்துக் கூண்டுகளிலெல்லாம் குடியேறிவிட்டது. காதலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா எனில், ஆய்வாளர் வீட்டுச் சோடி தண்ணீர்க் கிண்ணத்துக்காக நாள்தோறும் சண்டை போட்டது. எனவே பெயரை ஊர் வழக்காகவும் சண்டையைக் குடும்ப வழக்காகவும் கொண்டு மேலே செல்வோம்.

முன்னோர் ஆய்வுகள்

பழந்தமிழில் கிளியைப் பிடிப்பதைவிட ஓட்டுவதே பெரிய துறை. தினைப்புனம் காத்த குறிஞ்சிப் பெண்கள் அதற்கென்றே தழல், தட்டை, குளிர் என்று கருவிகள் வைத்திருந்தார்கள். வள்ளி பரண்மேல் நின்று பார்த்த வேலையும் அதுதான். ஓட்டியதைத் திரும்பப் பிடித்துக் கொடு என்று அவளை யாரும் கேட்டதில்லை. சிபியிடம் புறா தானாகவே வந்தது. அதில் பிடிநுட்பம் ஏதுமில்லை, பிந்தைய செலவுதான் அதிகம். மாணிக்கவாசகர் திருத்தசாங்கத்தில் கிளியிடம் பத்துச் செய்தி கேட்டார். கைக்கு எப்படி வந்தாய் என்ற பதினோராவது கேள்வியைக் கேட்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு.

முதல் சோதனை: வன்பிடி

தண்ணீர் மாற்றக் கூண்டுக் கதவைத் திறந்த நொடியில் நீலப் பறவை வெளியேறியது. அப்போது கூடத்தில் இருந்தவை: ஓடும் மின்விசிறி, திறந்த சன்னல், சுவரில் நிலைக்கண்ணாடி, ஆளுக்கு ஓர் ஆலோசனை. நெறியாளர் ஒன்றும் பேசாமல் போய் விசிறியை நிறுத்தினார். இவ்வாய்வில் நடந்த ஆகச் சிறந்த அறிவியல் செயல் அதுதான். நம் ஊர் வீட்டில் பறவைக்குப் பூனையைவிடப் பெரிய எதிரி தலைக்குமேல் சுற்றுகிறது. அடுத்துச் சன்னலைச் சாத்த வேண்டும், கண்ணாடிமேல் போர்வை போட வேண்டும். கண்ணாடிக்குள் தெரியும் கூடத்தையும் கூடம் என்றே நம்பிப் பறவை முட்டிக்கொள்ளும்.

கருவிகளை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தோம். உதவியாளர் மாடியிலிருந்து பஞ்சாரம் கொண்டுவந்தான். கோழிக்கு அது கோட்டை. இந்தப் பறவைக்கு அதன் ஒவ்வொரு ஓட்டையும் வாசல். தேவனாம்பட்டினத்து நைலான் வலைத்துண்டு ஒன்று வீட்டில் இருந்தது. கால் சிக்கினால் கால் போகும், தள்ளுபடி. டர்க்கி டவலின் சுருள் நூலில் நகம் மாட்டும். மிஞ்சியது ஈரிழைத் துண்டு. சுருளில்லை, கனமில்லை, காற்று புகும். குளித்துவிட்டுத் தோளில் போட்டுக்கொள்ளும் அதே துண்டு இத்துறையின் தலைசிறந்த கருவி என்று இங்கே நிறுவப்படுகிறது.

நிறுவிய ஆய்வாளர் அதைப் பயன்படுத்தினாரா எனில், இல்லை. வெறுங்கையால் எட்டிப் பாய்ந்தார். கையில் மூன்று வாலிறகுகள் கிடைத்தன. வாலைப் பிடித்தால் வால் தங்கும், பறவை தங்காது என்பது முதல் விதி. இரண்டாம் பாய்ச்சலில் ஆய்வாளருக்குப் பறவை கிடைத்தது. பறவைக்கு அவர் கட்டைவிரல் கிடைத்தது. பரதக் கலையில் சுகதுண்டம், அதாவது கிளிமூக்கு, என்றொரு கைமுத்திரை உண்டு. அம்பு எய்வதைக் காட்டப் பயன்படும். அந்தப் பொருத்தம் ஏன் என்று அன்றைக்கு விளங்கியது.

அவர் விரலை உதறாமல் பிடியை இறுக்கியிருந்தால் இக்கட்டுரை இரங்கற்பாவாகியிருக்கும். நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் காற்றுப்பைகள் நிறையும், நுரையீரலுக்குக் காற்று போகும். நெஞ்சைச் சுற்றி விரல்கள் இறுகினால் எதுவும் முறியாது, சத்தமும் வராது. மூச்சு மட்டும் நின்றுவிடும். அதன் மூச்சுக்குழலோ முழு வளையங்களால் ஆனது. கழுத்தின் இருபுறமும் இரண்டு விரல்கள் மெல்ல அணைத்திருந்தால் தாங்கிக்கொள்ளும். பார்க்கிறவருக்குக் கழுத்தைப் பிடிப்பது கொலைபோலவும், நெஞ்சோடு பொத்துவது கொஞ்சல்போலவும் தெரியும். உண்மை தலைகீழ்.

பறவை வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கியதும் துரத்தலை நிறுத்தினோம். அப்படி நிறுத்துவது இரண்டாம் விதி. அரைமணி கழித்து, இருட்டும் நேரத்தில், மின்வெட்டு வந்தது. நெய்வேலி இருக்கும் மாவட்டத்தில் மின்வெட்டா என்று கேட்பவர் வெளியூர்க்காரர். பகலில் திரியும் பறவைக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது; இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிடும். வேண்டுமென்றே விளக்கை அணைத்துச் செய்ய வேண்டியதை மின்சாரம் தானாகச் செய்து கொடுத்தது. உதவியாளர் துண்டைப் போட்டான், பறவை கூண்டுக்குப் போனது. மின்சாரம் வந்தபின்தான் அவன் போட்டது டர்க்கி டவல் என்று தெரிந்தது.

இரண்டாம் சோதனை: மென்பிடி

இரண்டு நாள் கழித்துப் பறவையின் வலக்காலில் வெள்ளை நூல் ஒன்று சுற்றியிருந்தது தெரிந்தது. கோடை விடுமுறை. கூண்டோடு பேருந்தேறிச் சிதம்பரம் போனோம்.

புறத்தேர்வாளர் சிறுவயதில் மூன்று வருஷம் பரதம் கற்றவர். 1981-இல் நாட்டியாஞ்சலி தொடங்கியதிலிருந்து ஒரு சிவராத்திரியும் தவறவிட்டதில்லை. கோபுர வாசல்களில் 108 கரணங்களையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கும் ஊர்க்காரருக்குக் கை கால் விஷயத்தில் நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆய்வாளர் கூண்டுக்குள் கையை விட்டதும் திண்ணையிலிருந்து குரல் வந்தது.

"கைய மூடாதீங்க மாப்ள. குழிச்சு வையுங்க."

"எப்படி அத்தை?"

இரண்டு கையையும் கும்பிடுவதுபோல் சேர்த்து, உள்ளே ஓர் எலுமிச்சம்பழம் இருப்பதுபோல் குடைந்து காட்டினார். அபிநய தர்ப்பணம் இதைக் கபோதம் என்கிறது. கபோதம் என்றால் புறா. அஞ்சலிதான், ஆனால் உள்ளங்கைகளுக்கு நடுவே வெற்றிடம். பெரியவர்களிடம் பேசவும் பணிவோடு ஏற்கவும் காட்டும் கை இது. ஆய்வாளர் அதுவரை பயன்படுத்தியது முஷ்டி. அதே நூல் முஷ்டிக்குச் சொல்லும் பயன்களில் முடியைப் பற்றுவதும் மல்யுத்தமும் வருகின்றன. இரண்டும் கூடத்தில் ஏறக்குறைய நடந்தவையே.

புறத்தேர்வாளரே கையை விட்டார். அவசரமில்லை, பறவையின் முதுகுப் பக்கமாகவே போனது கை. இரு கைக் குழிக்குள் அது வந்தபின் ஒரு கைக்கு மாற்றினார்: முதுகு உள்ளங்கையில், கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், மற்ற விரல்கள் இறக்கைகளைத் தழுவி, நெஞ்சுக்கு எதிரே ஒன்றுமில்லை. நெஞ்சு ஏறி இறங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. நெறியாளர் காலை நீட்டிப் பிடிக்க, உதவியாளர் நகம் வெட்டும் கத்தரியால் நூலை வெட்டினான். கபோதத்தின் இலக்கணம் முழுவதும் அந்த நடுவெற்றிடத்தில்தான் என்பது இச்சோதனையின் முடிவு. விரல் பிடிக்கிறது, வெற்றிடம் உயிர்காக்கிறது. வேலை முடிந்ததும் பறவையைக் காற்றில் எறியாமல் கூண்டுக் கம்பின்மேல் கால் ஊன்றவைத்து விட்டார். இது மூன்றாம் விதி.

மூன்றாம் சோதனை: தன்பிடி

பிடிக்காமலே பிடிப்பதற்குக் கடலூர் மாவட்டம் உலகறிந்த சான்று தந்திருக்கிறது. 2024 ஏப்ரல், மக்களவைத் தேர்தல் நேரம். கடலூரில் பா.ம.க. வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான் தென்னம்பாக்கத்தில் கிளி சோதிடம் பார்த்தார். கிளி எடுத்த சீட்டு வெற்றி என்றது. காணொலி பரவியது, வனத்துறை வந்தது. பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப் பறவை, கூண்டில் வைப்பது குற்றம். கிளி வைத்திருந்த சோதிடரை அழைத்துப்போய் எச்சரித்து விட்டார்கள். வாக்கு எண்ணியபோது வென்றவர் காங்கிரஸின் விஷ்ணு பிரசாத்.

அரசியல் அறிஞர்கள் இதில் ஆரூடம் பொய்த்ததை மட்டும் பார்த்தார்கள். பிடியியல் பார்ப்பது வேறு. கிளி சோதிடத்தில் எந்தக் கிளியையும் யாரும் துரத்துவதில்லை. கதவைத் திறந்தால் வரும், சீட்டை எடுக்கும், ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு தானாக உள்ளே போகும். இறகு கத்தரிக்கப்பட்ட பறவை திரும்பிப் போவதைத் தன்விருப்பம் என்று சொல்லலாமா என்ற ஐயம் நியாயமானது. எனவே ஆய்வாளர் கிளியை விட்டுவிட்டார், கத்தரியை விட்டுவிட்டார், மணியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மணி என்பது இங்கே தினை. வள்ளி எதைக் கிளியிடமிருந்து காத்தாளோ அதையே கூண்டு வாசலில் நீட்டிக்கொண்டு ஆய்வாளர் தினம் காலையில் கால்மணி நேரம் அசையாமல் நின்றார். முதல் வாரம் பறவை பார்த்தது. இரண்டாம் வாரம் கழுத்தை நீட்டித் தின்றது. பிறகு, சுட்டுவிரலைக் கால்களுக்குச் சற்று மேலே, அடிவயிற்றில் மெல்லப் பொருத்தியபோது ஒரு கால் ஏறியது. யோசித்து மறுகாலும் ஏறியது.

வாய்மொழித் தேர்வும் முடிவுரையும்

கடலூருக்கு வந்திருந்த புறத்தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார். "இப்ப யாரு யார புடிச்சிருக்கீங்க மாப்ள?"

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். கிளியினத்துக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று விரல்கள். இரு கால்களின் விரல்களும் அவர் சுட்டுவிரலைச் சுற்றி வளைத்து, அழுத்தாமல், நழுவவும் விடாமல் பிடித்திருந்தன. நடுவில் விரலின் இரத்தம் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. பறவைக்கு அபிநய தர்ப்பணம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அடுத்த ஆய்வுக்குரியது.

சமையலறையிலிருந்து நெறியாளர் மூன்றாம் முறையாகக் கூப்பிடுகிறார், தோசை ஆறுகிறதாம். பறவை ஒரு காலை வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு கண்ணை மூடுகிறது. சுட்டுவிரல் கிடைத்ததும் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடப்படும்.